பெருந்தொற்றும் நர்சிங் ஹோம் ஊழியர்களின் மனநலமும்

"நர்சிங் ஹோம்" என்ற சொல்லுக்கு இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் முதியோரைப் பேணும் இல்லம் என்று பொருள். மும்பைத் தமிழர்களுக்கு அது வேறு. கட்டடத்தின் தரைத் தளத்தில் ஒரு மருந்துக்கடை, பக்கத்தில் குறுகலான படிக்கட்டு, மேலே பத்து முதல் இருபது படுக்கைகள், ஒரு ஆபரேஷன் தியேட்டர், அதை நடத்தும் ஒரு டாக்டர் தம்பதி. இதுதான் நமக்கு நர்சிங் ஹோம். தாராவி தொண்ணூறு அடிச் சாலை தொடங்கி சயான், மாட்டுங்கா, செம்பூர் வரை நம்மில் பலருடைய பிள்ளைகள் பிறந்தது இப்படிப்பட்ட இடங்களில்தான். 1949-ஆம் ஆண்டின் பம்பாய் நர்சிங் ஹோம் பதிவுச் சட்டத்தின் கீழ் வளர்ந்தவை இவை.

இங்கே வேலை செய்பவர்கள் யார்? மூன்று வருடப் படிப்பு முடித்த சிஸ்டர்கள் கொஞ்சம் பேர். கூடவே இருந்து பழகி சிஸ்டர் ஆனவர்கள் அதைவிட அதிகம். அப்புறம் ஆயாக்கள், வார்டு பாய்கள், இரவில் தங்கும் ஆர்.எம்.ஓ., ரிசப்ஷனில் போன் எடுக்கும் பெண். மும்பை வழக்கப்படி ஆயாவை "மாவ்ஷி" என்றும் வார்டு பாயை "மாமா" என்றும் எல்லோரும் கூப்பிடுவார்கள். சித்தியும் மாமாவுமாக உறவுமுறை சொல்லித்தான் அழைக்கிறோம். ஆனால் 2020-லும் 2021-லும் அந்த மாமாவும் மாவ்ஷியும் எப்படி இருந்தார்கள், இரவில் தூங்கினார்களா என்று கேட்டவர்கள் மிகக் குறைவு.

நான் மருத்துவ சமூகப் பணியாளராக மும்பையில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அந்த இரண்டு வருடங்களும் செம்பூரில் என் வீட்டிலிருந்தபடியே, தெரிந்தவர்கள் மூலம் வந்த நர்சிங் ஹோம் ஊழியர்கள் சிலரோடு தொலைபேசியில் தமிழில் பேசி வந்தேன். அவர்களுடைய பெயரையும் இடத்தையும் இங்கே சொல்லப்போவதில்லை. அவர்களிடம் கேட்டதையும், இதுபற்றி உலகம் கற்றுக்கொண்டதையும் சேர்த்து நம் குடும்பங்களுக்குச் சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம். முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இவர்களுக்கு வந்தது மனப்பலவீனம் அல்ல. தாங்கக்கூடியதற்கு மேல் ஏற்றப்பட்ட சுமை. அந்தச் சுமை எது எது என்று பிரித்துப் பார்த்தால் இறக்கி வைக்கும் வழியும் புலப்படும்.

மருந்தின் நான்காவது பங்கு

திருக்குறளில் "மருந்து" என்பது தொண்ணூற்றைந்தாவது அதிகாரம். அதன் கடைசிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு பங்காகப் பிரிக்கிறார். நோயுற்றவர், தீர்க்கும் மருத்துவர், மருந்து, அருகில் இருந்து அதைக் கொடுப்பவர். இந்த நாலாவது ஆளையும் மருத்துவத்தின் ஒரு கூறாகவே எண்ணியது பெரிய விஷயம். பெருந்தொற்றுக் காலத்தில் நாம் முதல் மூன்றைப் பற்றி இரவும் பகலும் பேசினோம். நோயாளிகளின் எண்ணிக்கை தினமும் தொலைக்காட்சியில் ஓடியது. டாக்டர்கள் பேட்டி கொடுத்தார்கள். மருந்து, ஊசி, தடுப்பூசி பற்றிய செய்தி இல்லாத நாளே கிடையாது. நான்காவது பங்குக்கு 2020 மார்ச் 22 மாலை ஐந்து மணிக்குக் கை தட்டினோம். மே 3-ஆம் தேதி விமானப்படை மருத்துவமனைகள் மேல் பூத்தூவியது. அதோடு முடிந்தது. "தட்டினது நல்லாத்தான் இருந்திச்சு அக்கா, மறுநாள் டியூட்டிக்குப் போக பஸ்தான் இல்ல" என்றாள் ஒரு பெண். லோக்கல் ரயில் மார்ச் 22 நள்ளிரவோடு நின்றுவிட்டது. அத்தியாவசியப் பணியாளர்களுக்கென்று அது மறுபடி ஓடத் தொடங்கியது ஜூன் 15-ஆம் தேதிதான்.

தாராவியில் நடந்தது

தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டது 2020 ஏப்ரல் 1. அன்றே அவர் இறந்தார். சுமார் இரண்டரை சதுர கிலோமீட்டரில் எட்டரை லட்சம் பேர் வரை வாழும் இடம், பெரும்பாலோர் பொதுக் கழிப்பறையை நம்பியிருப்பவர்கள். "தள்ளி நில்லுங்கள்" என்ற அறிவுரைக்கு அங்கே இடமே கிடையாது. மாநகராட்சி அப்போது செய்தது, நோய் தங்களிடம் வரக் காத்திராமல் நோயைத் தேடிப் போனது. மாஹிம் - தாராவிப் பகுதித் தனியார் டாக்டர்கள் இருபத்துநாலு பேர் மாநகராட்சியோடு சேர்ந்து, ஏப்ரல் வெயிலில் முழுக் கவச உடையோடு வீடு வீடாகப் போய் நாற்பத்தேழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்தார்கள். அதே ஏப்ரலில் 51 படுக்கைகள் கொண்ட சாய் மருத்துவமனையை மாநகராட்சி தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. பிரபாத் நர்சிங் ஹோம் போன்ற வேறு சில சிறிய மருத்துவமனைகளும் இப்படிக் கொரோனாப் பணிக்கு வந்தன.

பலன் கிடைத்தது. நோயாளிகள் இரட்டிப்பாகும் காலம் ஏப்ரலில் 18 நாளாக இருந்தது, மே மாதம் 43 நாள், ஜூனில் 78 நாள் என்று நீண்டது. ஜூலை 10-ஆம் தேதி உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் தாராவியின் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். டிசம்பர் 25 அன்று தாராவியில் புதிய நோயாளி ஒருவர்கூட இல்லை. நமக்கெல்லாம் பெருமையான செய்தி.

ஆனால் இந்த வெற்றிக் கதையை நாம் வாசிக்கும்போது, முந்தைய நாள் வரை பிரசவமும் குடல்வால் ஆபரேஷனும் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சிறிய மருத்துவமனையின் ஆயா, ஒரே வாரத்தில் தொற்றுநோய் வார்டைத் துடைக்கும் ஆயாவாக மாறினாள் என்பதை நினைவில் வைக்க வேண்டும். பெரிய மருத்துவமனையில் தொற்றுநோய்ப் பிரிவு என்று தனியாக இருக்கும், பயிற்சி தருபவர் இருப்பார், ஒருவர் விழுந்தால் இன்னொருவர் வருவார். அப்படிப்பட்ட இடங்களே ஆட்டம் கண்டன. ஏப்ரல் 6-ஆம் தேதி மும்பை சென்ட்ரல் வொக்கார்ட் மருத்துவமனையில் 26 நர்ஸ்களுக்கும் 3 டாக்டர்களுக்கும் தொற்று உறுதியாகி, மருத்துவமனையே தடை செய்யப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. அதைத் தொலைக்காட்சியில் பார்த்த ஒரு சின்ன நர்சிங் ஹோம் சிஸ்டர் என்னிடம் கேட்டாள்: "அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரிக்கே இந்தக் கதின்னா, எங்க இடத்துல நாங்க மொத்தமே ஆறு பேர் அக்கா, என்ன பண்ணுவோம்?"

முதல் சுமை: பயமும் உடம்பும்

தனக்கு வந்துவிடுமோ என்ற பயத்தைவிட, தன்னால் வீட்டில் உள்ளவர்களுக்கு வந்துவிடுமோ என்ற பயம்தான் அதிகம் என்று ஏறக்குறைய எல்லோருமே சொன்னார்கள். பத்துக்குப் பத்து அறையில் மாமியார், இரண்டு பிள்ளைகள், கணவர் என்று இருக்கும் வீட்டில் "தனிமைப்படுத்திக்கொள்" என்றால் எங்கே போவது? ஒருத்தி நாற்பது நாள் நர்சிங் ஹோமின் ஸ்டோர் ரூமிலேயே படுத்துக்கொண்டாள். அவளுடைய ஏழு வயதுப் பையன் தினமும் சாலையின் எதிர்ப்பக்கத்தில் அப்பாவோடு வந்து நின்று கை காட்டிவிட்டுப் போவான்.

இதோடு உடம்பின் பாடு. கவச உடையைப் போட்டால் ஆறு மணி நேரமோ எட்டு மணி நேரமோ தண்ணீர் கிடையாது, பாத்ரூம் கிடையாது, மூக்கைச் சொறியவும் முடியாது. மும்பையில் மே மாதப் புழுக்கத்தைச் சொல்ல வேண்டியதில்லை. தொற்று பரவும் என்று ஏ.சி.யையும் நிறுத்திவிடுவார்கள். மாதவிலக்கு நாட்களில் பட்ட அவஸ்தையை அந்தப் பெண்கள் சொல்லும்போதே குரல் தாழ்ந்துவிடும். உடம்பு இப்படி வாடும்போது மனம் மட்டும் தனியாகத் தெம்பாக இருக்காது. தூக்கம் கெட்டால் மூளையில் பயத்தை அடக்கும் பகுதி தளர்ந்துபோகும், பயத்தைத் தூண்டும் பகுதி கூர்மையாகும். அதனால் பகல் டியூட்டியும் இரவு டியூட்டியுமாக மாறி மாறிப் பார்ப்பவர்கள் சின்ன விஷயத்துக்கும் அழுவதும் எரிந்துவிழுவதும் உடம்பின் இயற்கை.

2020 மார்ச்சில் வெளியான ஒரு சீன ஆய்வு இங்கே பயன்படும். 34 மருத்துவமனைகளில் 1,257 ஊழியர்களிடம் கேட்டதில் பாதிப் பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகளும், நூற்றுக்கு 34 பேருக்குத் தூக்கமின்மையும், 71 பேருக்கு மேல் மனஉளைச்சலும் இருந்தன. நர்ஸ்கள், பெண்கள், நோயாளியை நேரடியாகத் தொட்டு வேலை செய்பவர்கள் ஆகியோரிடம் இவை கூடுதலாகவே இருந்தன. நம் மாவ்ஷிக்கும் சிஸ்டருக்கும் இந்த மூன்றும் சேர்ந்தே பொருந்தும்.

இரண்டாம் சுமை: ஒதுக்கிவைத்தல்

வேலைக்குப் போகும் இடத்தில் நோய். திரும்பி வரும் இடத்தில் அதைவிடக் கொடுமையான ஒன்று. பொதுக்குழாயில் வரிசையில் நிற்காதே என்றார்கள். பொதுக் கழிப்பறைக்கு எல்லோரும் போன பிறகு போ என்றார்கள். சொசைட்டி செக்ரட்டரி லிப்ட் ஏறக்கூடாது என்று கடிதம் கொடுத்தார். வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்னவர்களும் உண்டு. கை தட்டிய அதே பால்கனிகள்தான்!

தமிழ்நாட்டிலும் இதற்குக் குறைவில்லை. சென்னை நரம்பியல் அறுவைச் சிகிச்சை நிபுணர் டாக்டர் சைமன் ஹெர்குலிஸ் 2020 ஏப்ரல் 19-ஆம் தேதி கொரோனாவால் இறந்தபோது, உடலைப் புதைக்க விடாமல் கூட்டம் கல்லெறிந்தது. கடைசியில் அவருடைய நண்பரான இன்னொரு டாக்டர் தாமே மண் தள்ளிப் புதைக்க வேண்டியதாயிற்று. அன்று இரவு எனக்கு வந்த அழைப்புகள் எல்லாமே இதைப் பற்றித்தான். "பெரிய டாக்டருக்கே ஆறடி மண்ணு இல்லேங்கிறாங்க, நாங்கள்லாம் எம்மாத்திரம்?" இந்தக் கேள்விக்கு ஆறுதல் வார்த்தை ஏதும் என்னிடம் இருக்கவில்லை. கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன்.

மும்பைக்கு இது புதிதும் அல்ல. 1896 செப்டம்பரில் மாண்ட்வியில் பிளேக் நோயை டாக்டர் அகாசியோ வியகாஸ் கண்டுபிடித்துச் சொன்னார். அடுத்த மாதமே, ஆஸ்பத்திரிக்குப் போனால் கொன்றுவிடுவார்கள் என்ற வதந்தியால், ஆயிரம் மில் தொழிலாளர்கள் வரை திரண்டு ஆர்தர் ரோடு மருத்துவமனையைத் தாக்கினார்கள். அந்த மருத்துவமனைதான் இன்றைய கஸ்தூர்பா மருத்துவமனை. 2020-ல் மும்பையின் முதல் கொரோனா நோயாளிகள் சேர்க்கப்பட்டதும் அங்கேதான். பிளேக்கை ஒட்டி 1897-ல் வந்தது தொற்றுநோய்ச் சட்டம். அது அரசுக்கு எல்லா அதிகாரமும் கொடுத்தது. நோயாளியைத் தொட்டுப் பார்ப்பவர்களைக் காப்பாற்ற அதில் ஒரு வரியும் சேர நூற்றிருபது வருடங்களுக்கு மேல் ஆயிற்று. 2020 ஏப்ரல் 22-ல் அவசரச் சட்டமும் அதே ஆண்டு செப்டம்பரில் திருத்தச் சட்டமும் வந்தன. மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் மூன்று மாதம் முதல் ஐந்து வருடம் வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை அபராதம். படுகாயம் என்றால் தண்டனை ஏழு வருடம் வரை போகும். தொற்றுக் காலத்தில் அவர்கள் குடியிருக்க முடியாதபடி தொல்லை கொடுப்பதும் இந்தச் சட்டப்படி வன்முறையே. சால் கமிட்டிகளும் சொசைட்டிகளும் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

மூன்றாம் சுமை: "இடமில்லை" என்று சொல்வது

மனநல நூல்களில் இதற்கு ஒரு பெயர் உண்டு. செய்ய வேண்டியது எது என்று தெரிந்தும், சூழ்நிலை அதைச் செய்யவிடாதபோது நர்ஸுக்கு உண்டாகும் வேதனையை 1984-ல் ஆண்ட்ரூ ஜேம்ட்டன் என்ற அமெரிக்க அறிஞர் தனியாகப் பிரித்துக் காட்டினார். பின்னர் வியட்நாம் போர் வீரர்களிடம் வேலை செய்த ஜோனதன் ஷே என்ற மருத்துவர், மனச்சாட்சியில் ஏற்படும் காயம் பற்றி எழுதினார். தமிழில் அறக்காயம் என்று சொல்லலாம். பயத்துக்கு ஓய்வு மருந்தாகும். அறக்காயத்துக்கு ஓய்வு மட்டும் போதாது.

2021 ஏப்ரல், மே மாதங்களில், இரண்டாவது அலையில், இந்தக் காயம் பட்டவர்கள் ஏராளம். ஏப்ரல் நடுவில் ஆக்சிஜன் தட்டுப்பாட்டால் மாநகராட்சியின் ஆறு மருத்துவமனைகளிலிருந்து 168 நோயாளிகளை ஒரே இரவில் வேறிடங்களுக்கு மாற்றினார்கள். மாநகராட்சிக்கு ஆம்புலன்ஸ் இருந்தது, 24 வார்டிலும் கட்டுப்பாட்டு அறை இருந்தது. சின்ன நர்சிங் ஹோமில் இருந்தது சிலிண்டர் மட்டுமே.

ஒரு கணக்கு சொல்கிறேன். ஜம்போ சிலிண்டர் என்று சொல்லும் பெரிய உருளையில் ஏறக்குறைய ஏழாயிரம் லிட்டர் ஆக்சிஜன் இருக்கும். ஒரு நோயாளிக்கு நிமிடத்துக்கு 10 லிட்டர் வைத்தால் பதினொன்றரை மணி நேரத்துக்கு மேல் வரும். 15 லிட்டர் வைத்தால் எட்டு மணி நேரம்கூட வராது. மூன்று பேருக்கு ஒரே சிலிண்டரிலிருந்து பத்துப் பத்து லிட்டர் போனால் நாலு மணி நேரத்துக்குள் காலி. இரவு இரண்டு மணிக்கு இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டு, முள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு, சப்ளையருக்குப் போன் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் பெரும்பாலும் ஒரு வார்டு பாய். ஊரடங்கு எல்லாம் முடிந்த பிறகும் ஒருவர் சொன்னார்: "இப்பவும் வீட்ல கேஸ் சிலிண்டரத் தூக்கினா எத்தனை கிலோ இருக்கும்னு மனசு கணக்குப் போடுது மேடம். நிறுத்த முடியல."

இன்னொரு பக்கம் ரிசப்ஷன் பெண். "ஒருநாள்ல நாப்பது போன் அக்கா. எல்லாருக்கும் ஒரே பதிலு, பெட் இல்ல, பெட் இல்ல. ஒருத்தர் தமிழ்ல அழுதாரு. எங்க தெருக்காரர் குரல் மாதிரியே இருந்திச்சு. யாருன்னு கேக்கல. கேட்டிருந்தா தூக்கமே வந்திருக்காது." படுக்கை இல்லாதது அவள் குற்றமா? இல்லை. ஆனால் அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்தது. அறக்காயம் எங்கே உட்காரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எந்தப் பாடநூலிலும் நான் படித்ததில்லை.

நான்காம் சுமை: பணம்

மனநலம் பற்றிப் பேசும்போது பணத்தைச் சொல்லாமல் விடுவது நம் வழக்கம். சொல்லித்தான் ஆக வேண்டும். திட்டமிட்ட ஆபரேஷன்கள் நின்றுபோனதால் பல நர்சிங் ஹோம்களுக்கு வருமானம் சரிந்தது. என்னோடு பேசியவர்களில் சிலருக்குப் பாதிச் சம்பளம்தான் கிடைத்தது, வேலையோ இரண்டு பங்கு. வேலையை விட்டால் வேறு வேலை கிடையாது, ஏனென்றால் கணவருடைய வேலை ஏற்கெனவே போயிருந்தது. வெளிமாநிலத்திலிருந்து வந்தவர்கள் ஊர் திரும்பினார்கள். கொல்கத்தாவில் 2020 மே மாதத்தில் மட்டும் முந்நூறுக்கும் மேற்பட்ட நர்ஸ்கள் தனியார் மருத்துவமனைகளை விட்டு மணிப்பூர் முதலிய சொந்த மாநிலங்களுக்குப் போய்விட்டார்கள். போனவர்களின் டியூட்டி இருந்தவர்கள் தலையில் விழுந்தது.

காப்பீட்டிலும் அதே கதை. கொரோனாப் பணியில் இறந்தால் குடும்பத்துக்கு 50 லட்சம் ரூபாய் என்று மத்திய அரசு 2020 மார்ச்சில் அறிவித்தது. தனியார் ஊழியர் என்றால், அரசு அவர்களைப் பணிக்கு அழைத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. "திறந்து வை, மூடினால் நடவடிக்கை" என்று உத்தரவு போட்டால் அது அழைத்ததாகுமா, ஆகாதா? நவி மும்பையில் 2020 ஜூனில் இறந்த ஒரு தனியார் மருத்துவரின் மனைவி இந்தக் கேள்வியோடு நீதிமன்றம் போனார். பம்பாய் உயர் நீதிமன்றம் 2021-ல் மனுவைத் தள்ளியது. 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அந்தக் காலத்துச் சட்டமும் உத்தரவுகளும் சேர்ந்து டாக்டர்களின் சேவையை அரசு கேட்டுப் பெற்றதாகவே ஆகும் என்றும், ஒவ்வொரு குடும்பத்தின் கோரிக்கையையும் சான்றைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும் என்றும் சொன்னது. ஐந்து வருடம்! தான் போய்விட்டால் பிள்ளைகளுக்கு என்ன என்று தெரியாமல் டியூட்டி பார்த்தவர்களின் மனதில் அந்த ஐந்து வருடமும் ஏறியிருக்கிறது.

அலை ஓய்ந்த பிறகு

உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5-ஆம் தேதி அவசர நிலை முடிந்ததாக அறிவித்தது. மனதுக்கு அந்தத் தேதி தெரியாது. 2003-ல் கனடாவின் டொராண்டோ நகரில் சார்ஸ் நோய் பரவியது. ஒரு வருடமும் அதற்கு மேலும் கழித்து அங்குள்ள மருத்துவமனை ஊழியர்களைப் பார்த்தபோது, சார்ஸ் நோயாளி வராத பக்கத்து ஊர் மருத்துவமனை ஊழியர்களைவிட இவர்களிடம் சோர்வும் மனஉளைச்சலும் கூடுதலாகவே இருந்தன. ஆபத்து நேரத்தில் உடம்பு தாங்கிக்கொள்ளும். ஆபத்து போன பிறகுதான் கணக்கைக் கேட்கும். ஆறு மாதம் கழித்தும் முதல் அறிகுறி முழுதாக வெளிப்படலாம் என்று மனநல மருத்துவம் ஒப்புக்கொள்கிறது.

வீட்டில் உள்ளவர்கள் எதைக் கவனிக்கலாம்? உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வேலைச் சோர்வை மூன்று அடையாளங்களால் வரையறுத்தது. ஒன்று, எவ்வளவு தூங்கினாலும் தீராத அசதி. இரண்டு, வேலையிலிருந்தும் மனிதர்களிடமிருந்தும் மனம் விலகிப்போதல். முன்பு நோயாளியின் பெயரைச் சொல்லிப் பேசியவள் இப்போது "மூணாம் நம்பர் பெட்" என்கிறாள். மூன்று, நான் செய்வதால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்ற எண்ணம். இவை வேலையின் சுமையால் வருபவை, இவற்றை நோய் என்று அந்த நிறுவனமே சொல்லவில்லை. ஆனால் பழைய காட்சி மனக்கண்ணில் திரும்பத் திரும்ப வந்து ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால், ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடத்தால், உயிரோடு இருந்து என்ன என்று பேச்சு வந்தால், அது டாக்டரிடம் போக வேண்டிய நிலை. கோயில், நோன்பு, வேண்டுதல் எல்லாம் கூட இருக்கட்டும். டாக்டருக்குப் பதிலாக வேண்டாம்.

என்ன செய்யலாம்

சின்ன நர்சிங் ஹோமில் மனநல மருத்துவரை வேலைக்கு வைக்க முடியாது. வைக்கவும் தேவையில்லை. செலவில்லாமல் செய்யக்கூடியவை இருக்கின்றன.

கடினமான டியூட்டியை ஒருவரே தொடர்ந்து பார்க்காமல் முறை மாற்றுவது முதல் வேலை. இருவர் இருவராகச் சேர்த்துவிட்டு, "இவள் சாப்பிட்டாளா என்று நீ பார், நீ சாப்பிட்டாயா என்று அவள் பார்க்கட்டும்" என்று பொறுப்புக் கொடுப்பது அடுத்தது. டியூட்டி முடியும்போது பத்து நிமிடம் எல்லோரும், டாக்டர் உட்பட, உட்கார்ந்து அன்றைக்கு நடந்ததைப் பேசலாம். முக்கியமாக, "பெட் இல்லை" என்பது ரிசப்ஷன் பெண்ணின் முடிவாக இருக்கக்கூடாது. அது டாக்டரின் முடிவு என்று எழுதி ஒட்டிவைக்க வேண்டும், கஷ்டமான போனை டாக்டரே எடுக்க வேண்டும். அறக்காயத்துக்கு நான் அறிந்த நல்ல தடுப்பு இதுதான். சுமையை அதற்கு உரியவர் தூக்குவது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. துயரம் நடந்த அன்றே ஒருவரை உட்காரவைத்து "எல்லாத்தையும் கொட்டிடு" என்று வற்புறுத்துவதை உலக சுகாதார நிறுவனம் சிபாரிசு செய்வதில்லை. பார், கேள், தேவையான உதவியோடு சேர்த்துவிடு என்ற மூன்றைத்தான் அது சொல்கிறது. ஒரு டம்ளர் டீ, உட்கார ஒரு நாற்காலி, வீட்டுக்குப் போக ஒரு ஆட்டோ. சில நேரம் இவைதான் முதலுதவி.

வீட்டில் நாம் செய்ய வேண்டியது இன்னும் எளிது. டியூட்டி முடிந்து வரும் மகளிடமோ மருமகளிடமோ "இன்னிக்கு எத்தனை பேர் செத்தாங்க?" என்று கேட்காதீர்கள். "சாப்பிட்டியா, படுக்கிறியா?" என்று கேளுங்கள். அவளாகப் பேசினால் நடுவில் அறிவுரை சொல்லாமல் கேளுங்கள். "நீ தைரியசாலி, உனக்கென்ன" என்ற பாராட்டுகூட சில சமயம் வாயை அடைத்துவிடும். தைரியசாலி எப்படி அழுவது?

மனநோய் சிகிச்சையை உடல்நோய் சிகிச்சைக்குச் சமமாகக் காப்பீட்டு நிறுவனங்கள் ஏற்க வேண்டும் என்பது 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு. பாலிசி வைத்திருப்பவர்கள் இதைக் கேட்டுப் பெறலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் டெலி மானஸ் சேவை 14416 என்ற இலவச எண்ணில் இரவும் பகலும் இயங்குகிறது. தமிழிலும் பேசலாம். மராத்தியோ இந்தியோ சரளமாக வந்தாலும், மனவேதனையைத் தாய்மொழியில் சொல்லும்போதுதான் முழுதாக வெளிவருகிறது என்பது என் அனுபவம். பதினைந்து வருடம் மராத்தியில் வேலை பார்த்த ஒரு மாவ்ஷி, தமிழில் பேசத் தொடங்கிய பத்தாவது நிமிடம்தான் முதன்முதலாக அழுதாள்.

இங்கேதான் நம் தமிழ்ச் சங்கங்களுக்கு வேலை இருக்கிறது. விழா மேடையில் டாக்டர்களுக்குப் பொன்னாடை போர்த்துகிறோம், நல்லது. அடுத்த முறை ஒரு மாவ்ஷியையும் ஒரு வார்டு பாயையும் அதே மேடைக்கு அழைப்போம். அதோடு நிற்காமல், தமிழ் பேசும் மனநல மருத்துவர்கள், ஆலோசகர்கள் யார் யார் மும்பையில் இருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் எடுத்து, தாராவி, மாட்டுங்கா, செம்பூர்ப் பகுதி நர்சிங் ஹோம்களில் தமிழில் ஒட்டிவைக்கலாம். மாதம் ஒரு ஞாயிறு மாலை, சங்கத்தின் ஒரு அறையை இந்த ஊழியர்களுக்குத் திறந்துவிடலாம். பேச்சாளர் வேண்டாம், டீயும் நாற்காலியும் போதும். அடுத்த தொற்று எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அது வரும் நாளில், படியேறி வரும் நம் வீட்டு நோயாளிக்கு முதலில் கை கொடுக்கப்போவது இவர்கள்தான். அதற்குள் இவர்களில் எத்தனை பேர் வேலையை விட்டுப் போகாமல், மனம் உடையாமல் இருப்பார்கள் என்பது இந்த அமைதியான வருடங்களில் நாம் செய்வதைப் பொறுத்தது.